பில்லை யார் கட்டினார்கள்?

மதியம் தொடங்கிய சாப்பாடு பொழுது சாய்கிறவரை நீள்கிறது. அழைத்தவன் பன்னி. தன் செலவு என்று சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறான். இஷ்டத்துக்கு வரவழைக்கிறான், குடிக்கிறான், தன் ஜோக்குக்குத் தானே சிரிக்கிறான். கடைசியில் பில் வருகிறது. கோட்டுப் பைகளைத் தடவிப் பார்க்கிறான். பர்ஸை மறந்துவிட்டானாம். எதிரே உட்கார்ந்திருக்கும் ரிச்சர்டிடம் இருக்கிற சில டாலர்கள் அந்த பில்லின் ஓரத்துக்குக்கூடக் காணாது. பன்னி எழுந்து போய் ஹென்றிக்குப் போன் போடுகிறான். ஹென்றி வந்து பணத்தைக் கட்டுகிறான்.

டோனா டார்ட்டின் 'தி சீக்ரெட் ஹிஸ்டரி' நாவலில் முதல் நூறு பக்கத்துக்குள் வருகிற காட்சி இது. இந்த நாவலைக் கொண்டாடுகிறவர்களும் சரி, கண்டிக்கிறவர்களும் சரி, இந்த இடத்தைக் கொஞ்சம் சிரித்துவிட்டுக் கடந்து போய்விடுகிறார்கள். பன்னி எப்படிப்பட்ட ஆள் என்று காட்டுவதற்கான வேடிக்கைக் காட்சியாம். எனக்கு இதுதான் நாவலின் நடுவீடு. பிறகு நடக்கப்போகும் இரண்டு கொலைகளுக்கும் இங்கே இருந்துதான் வழி போகிறது.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஹாம்ப்டன் என்ற கற்பனைக் கல்லூரி. அங்கே ஜூலியன் மாரோ என்ற பேராசிரியரிடம் பண்டைக் கிரேக்கம் படிக்கும் ஐந்து பேர்: ஹென்றி, பன்னி, பிரான்சிஸ், இரட்டையர்களான சார்லஸ், கமீலா. ஆறாவதாக, கலிபோர்னியாவில் இருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் ரிச்சர்ட் பாப்பன். கதையைச் சொல்பவன் அவன்தான். பன்னியைத் தவிர்த்த மற்ற நால்வரும் ஓர் இரவு காட்டில் டயோனைசஸ் கடவுளுக்கான வெறியாட்டு நடத்திப் பார்க்கிறார்கள். அந்த வெறியில் ஒரு விவசாயி செத்துப்போகிறார். விஷயம் பன்னிக்குத் தெரியவருகிறது. பன்னியைக் கொல்கிறார்கள். கொலை நடக்கப்போகிறது என்பது முதல் பக்கத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. யார் செய்தார்கள் என்பதல்ல, ஏன் செய்தார்கள் என்பதே கேள்வி.

இந்த 'ஏன்' என்பதற்கு உலகம் ஒரு விடையைத் தேர்ந்துகொண்டு முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இளம் வயதில், மூடிய ஒரு கூட்டத்துக்குள், ஒருவர்மேல் ஒருவர் பித்தாகிப்போகிற நட்பு. அந்த நட்பு எல்லை மீறி, நல்லது கெட்டது தெரியாத நிலைக்குக் கொண்டுபோகிறது. இது அந்தப் பித்தின் உளவியல் நாவல். பின்னட்டையில் இருந்து பேச்சு மேடை வரை இதே பாட்டுதான். இதற்கு ஒரு அலங்காரப் பதிப்பும் உண்டு. 2020இல் ஊரடங்கில் அடைந்து கிடந்த பிள்ளைகள் டிக்டாக்கில் 'டார்க் அகடெமியா' என்று ஒரு மோஸ்தரைப் பெரிதாக்கினார்கள். ட்வீட் கோட்டு, மெழுகுவர்த்தி, பழைய புத்தகம், மழை பெய்யும் ஜன்னல். அந்த மோஸ்தருக்கு இந்த நாவல்தான் வேதம். அதே விடைக்கு நம்மூர்ப் பதிப்பும் இருக்கிறது. அது இரண்டே சொல்: சேர்க்கை சரியில்லை.

மூன்றும் ஒரே தப்பைத்தான் செய்கின்றன. நட்பு மிஞ்சிப்போனதால் வந்த வினை என்கின்றன. நாவலைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்தில் நட்பு மிஞ்சியிருக்கிறது என்று காட்டச் சொன்னால் காட்ட முடியாது. போதுமான அளவுகூட நட்பு இல்லாத இடம் அது. இருப்பது கடன், கைமாற்று, ஒட்டுண்ணித்தனம், வெளியே தள்ளிவிடுவார்களோ என்ற பயம். நட்பு என்பது அந்தக் கணக்குப் புத்தகத்துக்குப் போட்ட அட்டை.

திருவள்ளுவர் நட்பைச் சுற்றி அடுத்தடுத்து ஐந்து அதிகாரம் வைத்தார். ஆராயாமல் கொள்ளும் நட்பு, தீயவர் நட்பு, உள்ளே பகையும் வெளியே சிரிப்புமான கூடா நட்பு என்று அத்தனை கோளாறுக்கும் அதில் இடம் உண்டு. அளவுக்கு மீறிய நட்பு என்று ஒரு அதிகாரம் இல்லை. அது ஒரு நோய் என்றே அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. வெர்மான்ட்டுப் பிள்ளைகளை அவரிடம் கொண்டுபோய் நிறுத்தினால், நேராக எண்பத்து மூன்றாம் அதிகாரத்துக்கு அனுப்பிவிடுவார்.

சரி, நாவலுக்குள் போவோம்.

ரிச்சர்ட் யார்? பிளேனோ என்ற வறண்ட சிற்றூரில் பெட்ரோல் பங்க் நடத்துபவரின் மகன். அம்மா ஒரு சிப் தொழிற்சாலையில் போன் எடுத்துப் பேசும் வேலை. அவன் கிரேக்கம் படிக்கத் தொடங்கிய காரணத்தை அவனே சொல்கிறான்: வகுப்பு மாலையில் இருந்தது, திங்கட்கிழமை காலையில் தூங்கலாம். ஹோமர்மேல் காதல் என்று நாம் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகவே டார்ட் இதை அங்கே வைத்திருக்கிறார். ஹாம்ப்டன் வந்து சேர்ந்ததும் ரிச்சர்ட் முதலில் செய்கிற காரியம் பொய் சொல்வது. பெட்ரோல் பங்க் காணாமல் போகிறது. எண்ணெய்க் கிணறும் ஆரஞ்சுத் தோட்டமும் சினிமாக்காரர் பழக்கமும் உள்ள ஒரு வளமான குடும்பம் முளைக்கிறது.

அந்த ஐவரையும் அவன் முதலில் பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள். உடைகளைப் பார்க்கிறான். ஹென்றியின் கறுத்த இங்கிலீஷ் சூட்டும் குடையும், பிரான்சிஸின் கழுத்துத் துணியும் மடித்த கைப்பட்டையும், இரட்டையரின் வெளுத்த ஆடைகளும் துணிக்கடைப் பட்டியல்போல வருகின்றன. பன்னியிடம் மட்டும் ஒரே ஒரு தொளதொள ட்வீட் கோட்டு. (இதை நினைவில் வையுங்கள்.) ஜூலியன் முதல்முறை அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ரிச்சர்ட் என்ன செய்கிறான்? தான் எடுபிடி வேலை பார்க்கும் உளவியல் பேராசிரியரிடம் ஒரு பொய்யைச் சொல்லி முன்பணம் வாங்கி, சட்டை, ஷூ, டை என்று வாங்கி உடுத்திக்கொண்டு மறுபடி போகிறான். இப்போது கதவு திறக்கிறது. இதற்கு நட்பின் பித்து என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை. நுழைவுக் கட்டணம் என்றால் பொருந்தும்.

நூலகத்தில் நடக்கும் அந்தச் சின்னக் காட்சியும் அப்படித்தான். 'கார்தேஜுக்கு' என்பதைக் கிரேக்கத்தில் எந்த வேற்றுமையில் எழுதுவது என்று அவர்கள் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். தமிழில் நான்காம் வேற்றுமை 'கு' ஒன்றைப் போட்டுவிட்டு எழுந்து டீ குடிக்கப் போயிருக்கலாம். கிரேக்கனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பக்கத்து மேசையில் இருந்து ரிச்சர்ட் ஒரு விகுதியைச் சொல்லி உதவுகிறான். அவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். காதல் கதைகளில் கண் சந்திக்குமே, அதுபோல இந்த இடத்தை வாசகர்கள் உருகி உருகிச் சொல்வார்கள். எனக்கு அது நேர்முகத் தேர்வாகத்தான் தெரிகிறது.

எதிர்த்தரப்பின் பலமான சாட்சி ஒன்று இருக்கிறது. அதை ஒளித்து வைத்துக்கொண்டு வாதாடுவது நியாயமில்லை. குளிர்காலத் தங்கல்.

விடுமுறையில் எல்லோரும் வீட்டுக்கோ ஐரோப்பாவுக்கோ போய்விடுகிறார்கள். ரிச்சர்டுக்கு ஊருக்குப் போக மனமில்லை. வேறு இடத்தில் தங்கக் காசுமில்லை. மேண்டலின் செய்யும் ஒரு ஹிப்பியின் கிடங்கில், வேலைக்கு ஈடாக வாடகையில்லாமல் ஓர் அறை கிடைக்கிறது. கூரையில் ஓட்டை. கணப்பு கிடையாது. வெர்மான்ட்டின் ஜனவரி அந்த ஓட்டை வழியாக உள்ளே இறங்குகிறது; பனி அறைக்குள்ளேயே விழுகிறது. யாரிடமாவது வாய் திறந்து கேட்டிருந்தால் ஓர் இடம் கிடைத்திருக்கும். ஆனால் கேட்டால் பெட்ரோல் பங்க் வெளியே வந்துவிடும். எனவே விறைத்துச் சாகத் தயாராகிறான். ரோமில் இருந்து முன்கூட்டியே திரும்பிய ஹென்றிதான் அவனைக் கண்டெடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிறகு தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறான்.

மொத்த நாவலிலும் மிகச் சிறந்த பக்கங்கள் இவை. ஹென்றி அங்கே காட்டுவது அன்புதான்; மறுக்கமாட்டேன். அந்த அன்பு ரிச்சர்டிடம் என்னவாகச் சேர்கிறது என்பதில்தான் எனக்குத் தகராறு. ஏன் இப்படிக் கிடந்தாய் என்று அவன் வாயைப் பிடுங்குகிறவர் இல்லை. பிடுங்கியிருந்தால் ரிச்சர்ட் உண்மையைக் கொட்டியிருப்பான், பொய் கலைந்திருக்கும், இருவரும் சமமாகியிருப்பார்கள். பொய் கலையவில்லை. உயிர் திரும்பி வந்தது, கூடவே கடனும் வந்தது. தொகை குறிக்கப்படாத கடன். வசந்தத்தில் ஹென்றி காட்டுக் கொலையை ஒப்புக்கொண்டு அடுத்த வேலையைப் பற்றிப் பேசும்போது, ரிச்சர்ட் ஏன் ஓடவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவன் எப்படி ஓடுவான்? சாப்பிட்ட வீட்டில் கூப்பிடுகிறார்கள்.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத்தான் தெரிய வேண்டும் என்றில்லை. நான் ஹாஸ்டலில் இருந்தபோது வாசலில் ஒரு டீக்கடை. கடனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. மாதக் கடைசியில் என் பக்கத்தை எப்போதும் ஒரே ஒருவன்தான் கிழித்தான். "விடு மச்சி" என்பான். நல்லவன். இன்றைக்கும் அவனைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் மூன்று வருடம் அவன் சொன்ன ஜோக்குக்கெல்லாம் சிரித்தவன் நான். அவன் ஒரு தடவை ஒரு பையனை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தியபோது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவனும் நான். யாராவது கேட்டிருந்தால் உயிர் நண்பன் என்றுதான் சொல்லியிருப்பேன். ரிச்சர்டும் அப்படித்தான் சொல்கிறான். அவன் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு உளவியல் என்று பெயர் வைப்பவர்களிடம்தான் என் சண்டை.

பித்து என்ற சொல்லையே சோதித்துப் பார்க்கலாம். ஒருவர்மேல் பித்தாக இருப்பவனுக்கு அவரைப் பற்றி எல்லாம் தெரியும். எந்த வேளையில் தலைவலி வரும், எந்தப் பெயரைச் சொன்னால் முகம் மாறும் என்பதுவரை. ரிச்சர்டுக்கு என்ன தெரிந்தது? இலையுதிர்காலம் முழுக்க வாரக் கடைசிகளில் பிரான்சிஸின் கிராமத்து வீட்டில் அவர்களோடு உண்டு உறங்கியிருக்கிறான். அந்த மாதங்களில்தான் அவர்கள் வெறியாட்டுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். இவனுக்குத் தெரியாது. இரட்டையருக்குள் இருந்த உறவு தெரியாது. ஹென்றிக்கும் கமீலாவுக்கும் இடையில் இருந்தது தெரியாது. சார்லஸ் குடியில் மூழ்கிக்கொண்டிருந்தது கண்ணுக்கு முன்னால் நடந்தும் நெடுநாள் தெரியாது. அவர்களுடைய சட்டைத் துணி தெரியும். இப்படி ஒரு பித்தனை நான் கேள்விப்பட்டதில்லை. வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் வாசல் கதவின் வேலைப்பாட்டையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு வேறு பெயர் இருக்கிறது.

அவனே தன் குறை என்னவென்று ஆரம்பத்தில் அறிவித்துவிடுகிறான் என்பார்கள். ஆமாம், என்ன விலை கொடுத்தும் அழகானதை அடையத் துடிக்கும் ஏக்கமே தன் விதியைக் கெடுத்தது என்கிறான். விமர்சகர்கள் இதைக் கிரேக்கத் துன்பியலோடு முடிச்சுப் போடுவார்கள்; நீட்சேயைக் கூப்பிடுவார்கள்; அப்போலோவும் டயோனைசஸும் மேடை ஏறுவார்கள். நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். முதல் பக்கத்தில் இருந்து பொய் சொல்லியே காரியம் சாதிக்கும் ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லும் இந்த ஒன்றை மட்டும் ஏன் சத்தியப் பிரமாணம்போல எடுத்துக்கொள்ள வேண்டும்? "அழகுக்கு அடிமையானேன்" என்பது எவ்வளவு கௌரவமான குற்றம்! "ஏழை என்று தெரிந்துவிடுமோ என்று பயந்தேன்" என்பதில் அந்தக் கௌரவம் இல்லை. ரிச்சர்ட் கடைசியாக உடுத்திக்கொண்ட நல்ல கோட்டு இந்த ஒப்புதல் வாக்குமூலம்தான். டார்ட் அவனுக்கு அதைத் தைத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்துக்குப் பக்கம் அதன் நூலை உருவிக் காட்டுகிறார். வாசகர்கள் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு டிக்டாக்குக்குப் போய்விட்டார்கள்.

இனி பன்னி. இவனை யாருக்கும் பிடிப்பதில்லை. வாய் சரியில்லை, பிறர் காசில் வாழ்கிறான், யூதர், கத்தோலிக்கர், ஓரினச் சேர்க்கையாளர் என்று வகை தொகை இல்லாமல் இளக்காரம் பேசுகிறான். பிடிக்காமல் போவதில் தப்பில்லை. ஆனால் அவன் நிலைமையைப் பாருங்கள். அப்பா வங்கியில் பெரிய பதவி, கனெக்டிகட்டில் பெரிய வீடு, வெளியே ஆடம்பரம். பிள்ளைகளுக்கு மட்டும் சல்லிக்காசு தருவதில்லை. பெரிய இடத்துப் பழக்க வழக்கங்களைக் கற்றுக்கொடுத்து வெறுங்கையோடு வெளியே அனுப்புவது அந்தக் குடும்பத்து வழக்கம். ஆக, ஆறு பேரில் கையில் காசில்லாமல் பணக்காரனாக நடிக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் பயந்துகொண்டு நடிக்கிறான். மற்றவன் கூச்சமே இல்லாமல் நடிக்கிறான். அந்த ஒரே கோட்டு ஞாபகம் இருக்கிறதா?

அந்தக் குளிர்கால விடுமுறையில் ஹென்றியோடு ரோமுக்குப் போனவன் பன்னிதான். ஹென்றியின் பணத்தில் மாளிகை வாடகை, விருந்து, ஊர்சுற்றல். அங்கேதான் ஹென்றியின் நாட்குறிப்பு பன்னி கையில் சிக்குகிறது. ஹென்றி அதை லத்தீனில் எழுதியிருந்தான். பன்னிக்கு இருக்கிற லத்தீனுக்கு அவன் படித்துவிடமாட்டான் என்ற நம்பிக்கை. அதில் பன்னிக்கு ஹென்றி வைத்திருந்த பெயர் தொல்லை பிடித்த முயல். பன்னி என்றால் முயல்குட்டிதானே. யாரைச் சொல்கிறான் என்று பன்னிக்கு விளங்கக் கொஞ்சம் நேரமாயிற்றாம். படிக்கும்போது சிரிப்பு வரும். பிறகு யோசித்துப் பாருங்கள். ஊர் ஊராகக் கூட்டிப் போய்ச் செலவு செய்துகொண்டே, இரவில் உட்கார்ந்து, அவனுக்குப் புரியாது என்று நம்புகிற மொழியில் அவனைத் தொல்லை என்று எழுதிவைக்கிற நட்பு இது. பித்தாம்!

திரும்பி வந்த பன்னி ஒவ்வொருவரையும் அவரவர் புண்ணைப் பார்த்துக் குத்துகிறான். பிரான்சிஸின் ஆண் விருப்பத்தை, இரட்டையரின் ரகசியத்தை. ரிச்சர்டை எங்கே குத்துகிறான்? பணக்காரப் பின்னணி பொய் என்பதை மோப்பம் பிடித்துவிட்டவன் அவன் ஒருவன்தான். பள்ளி, குடும்பம், சட்டை என்று மற்றவர்கள் முன்னால் வைத்துக் குடைகிறான். ரிச்சர்டுக்குப் பன்னியின்மேல் வந்த வெறுப்பு அங்கிருந்து வளர்ந்தது. மற்ற நால்வரும் ஜெயிலுக்குப் பயந்து கொன்றார்கள். ரிச்சர்டுக்கு ஜெயில் பயம் கிடையாது. விவசாயி செத்தபோது அவன் அங்கே இல்லவே இல்லை. அவன் சம்மதித்தது வேறு பயத்தால். நட்பின் கட்டாயத்தால் கொலைக்கு உடன்பட்டான் என்று எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்துக்கு என்ன விளக்கம் தருவார்கள் என்று தெரியவில்லை.

இன்னும் ஓர் இரவு இருக்கிறது. நல்ல போதையில் பன்னி ரிச்சர்டின் அறைக்கு வருகிறான். வந்து, காட்டில் நடந்த கொலையைக் கொட்டித் தீர்க்கிறான். ரிச்சர்டுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. தன்னைப் போலவே வெளியே நிறுத்தப்பட்டவன் என்று நம்பி வந்திருக்கிறான். பயந்துபோயிருக்கிறான். அத்தனை பக்கங்களில் ஒருவன் இன்னொருவனை நம்பி, எந்தக் கணக்கும் இல்லாமல், மனத்தைத் திறப்பது இந்த ஓர் இடத்தில்தான் என்பேன். காசில்லாத இரண்டு பேர், ஒரே அறையில். இங்கே ஒரு நட்பு தொடங்கியிருக்கலாம். ரிச்சர்ட் அந்தச் செய்தியை ஹென்றியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். அதற்குப் பிறகு தாமதமில்லை. பள்ளத்தாக்கின் விளிம்பில் காத்திருக்கிறார்கள். இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வரும் பன்னிக்கு, புதிதாகத் துளிர்க்கும் பெரணி பார்க்க வந்தோம் என்பதுபோல ஒரு பதில் கிடைக்கிறது.

பேராசிரியர் ஜூலியனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிரேக்கத்தைக் கற்பித்துப் பிள்ளைகளைக் கெடுத்தார் என்பது சாக்ரடீஸ் காலத்துக் குற்றச்சாட்டு. அதை இன்னும் தூசி தட்ட வேண்டாம். ஜூலியனைப் பற்றி டார்ட் தரும் விவரங்களில் எனக்கு உறுத்துவது வேறு. தன் சம்பளத்தைக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டு, கணக்குக்காக வருடத்துக்கு ஒரு டாலர் வாங்கிக்கொள்கிறவர் அவர். கேட்கப் பெரிய மனதாகத் தெரியும். சம்பளத்துக்கு வேலை செய்யாதவருக்கு யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்று யாரும் உத்தரவு போட முடியாது. தனக்குப் பிடித்த முகங்களாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறார். உண்மை தெரிந்ததும் போலீசுக்கும் போவதில்லை, பிள்ளைகளோடும் நிற்பதில்லை; கிளம்பிப் போய்விடுகிறார். போக வசதி உள்ளவர் போனார்.

இந்த நாவலை எழுதியவரின் வாழ்க்கையில் தேடி எடுத்து, ஹாம்ப்டன் என்பது பென்னிங்டன், ஜூலியன் என்பது அங்கே கிரேக்கம் கற்பித்த கிளாட் ஃப்ரெட்ரிக்ஸ் என்று பொருத்திப் பார்ப்பது ஒரு தனிப் பொழுதுபோக்கு. அதில் எனக்கு அக்கறையில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டார்ட் மிசிசிப்பி மாநிலத்துக் கிரனடா என்ற சிற்றூரில் வளர்ந்து, 1981இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மறுவருடம் வெர்மான்ட்டின் பென்னிங்டனுக்கு மாறியவர். அமெரிக்காவிலேயே கட்டணம் மிக அதிகமான கல்லூரிகளில் ஒன்று என்று அந்தக் காலத்தில் பெயரெடுத்த இடம் அது. தெற்கில் இருந்து வந்த பெண் அங்கே முதலில் எதைக் கவனித்திருப்பார் என்று ஊகிக்கப் பெரிய உளவியல் தேவையில்லை. 1992 செப்டம்பரில் நாஃப் பதிப்பகம் இந்த முதல் நாவலை 75,000 பிரதி அடித்தது. முன்பணம் 4,50,000 டாலர் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. காசைப் பற்றிய நாவலைக் காசு வந்து தூக்கிக்கொண்டது. யாரும் அதைக் காசைப் பற்றிய நாவல் என்று சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் பின்னுரையாவது கண்ணில் பட்டிருக்கும். எல்லாம் முடிந்த பிறகு பிரான்சிஸ் என்ன ஆனான்? ஆணை விரும்புகிறவன், தனக்குத் துளியும் ஒட்டாத ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதிக்கிறான். மறுத்தால் பணத்தை நிறுத்திவிடுவேன் என்று தாத்தா சொல்லிவிட்டார். கை மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான், பிழைக்கிறான், கல்யாணத்தை நிறுத்த மட்டும் அவனால் முடியவில்லை. டயோனைசஸைக் கூப்பிட்டுப் பார்த்தவன், ஆள் செத்தும் அசராதவன், மாதப் பணம் நின்றுவிடும் என்றதும் மண்டியிடுகிறான். அந்தக் கூட்டத்தில் எந்தக் கடவுளுக்கு உண்மையான சக்தி இருந்தது என்பதை டார்ட் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வார்?

ஒரு எதிர்வாதம் மிச்சமிருக்கிறது. பன்னியின் அடக்கம். குழிக்கருகில் பெட்டியைத் தூக்கி வந்தவர்களில் ஹென்றியும் ஒருவன். சடங்கு முடியும்போது ஒரு பிடி மண்ணை எடுத்துக் குழியில் போடுகிறான். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, அந்தச் சேற்றுக் கையைத் தன் நெஞ்சில் வைத்து இழுக்கிறான். கோட்டின் மடிப்பு, டை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை எல்லாம் சேறாகிறது. கொன்றவனுக்கும் அன்பு இருந்ததற்கு இதைவிட என்ன அத்தாட்சி என்பார்கள். இருக்கட்டும். நானும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தவன்தான். ஹென்றி தன் உடையை அழுக்காக்கிக்கொள்ளும் அந்தக் கணத்தில் ஏதோ ஒன்று அவனுக்குள் முறிகிறது. அதைத் துக்கம் என்றே சொல்லலாம்.

ஆனால் அந்த அடக்கத்துக்கு டார்ட் எத்தனை பக்கம் ஒதுக்கினார் என்பதையும் பாருங்கள். பன்னியின் குடும்பமான கார்க்கரன் வீட்டுக்கு வந்து குவிந்த விருந்தாளிகள், யார் எந்த அறையில் படுப்பது, குழந்தைகளின் கூச்சல், ஒரு நிமிஷம் அழுது மறு நிமிஷம் சிரிக்கும் அப்பா, வீடு அலங்கோலமாகிறதே என்று பல்லைக் கடிக்கும் அம்மா. அமர்க்களமான ஒரு சாவு வீடு.

இன்னொரு சாவும் இருந்தது. காட்டில், இருட்டில், தன் நிலத்துப் பக்கமாக நின்ற ஒரு விவசாயி. அவர் யாருக்கும் நண்பர் இல்லை, கிரேக்கம் தெரியாது, அவர் என்ன உடுத்தியிருந்தார் என்று ரிச்சர்ட் குறித்து வைக்கவில்லை. ஹென்றியைப் பொறுத்தவரை அது ஒரு வருத்தத்துக்குரிய விபத்து. நட்பின் நாவல் என்று இதைப் படிக்கிறவர்களின் கணக்கிலும் பிணம் ஒன்றுதான், பன்னி மட்டும்தான். அந்த மனிதருக்குச் சவப்பெட்டி யார் வாங்கினார்கள், குழி யார் தோண்டினார்கள், அந்தச் செலவை யார் தலையில் கட்டினார்கள் என்று பார்க்க ரிச்சர்ட் நம்மைக் கூட்டிப் போவதில்லை. ஐந்து பேரில் ஒருவரும் அந்தப் பக்கம் போனதாகவும் சொல்லவில்லை.